இரண்டு ஓடங்கள்

தறியில் ஊடையைக் கொண்டு செல்லும் கருவிக்கும் ஓடம் என்று பெயர். கடலில் வலையைக் கொண்டு செல்லும் கலத்திற்கும் ஓடம் என்றே பெயர். இரண்டும் இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஓயாது இயங்குவன. இரண்டும் இயக்குவோன் கைத்திறத்தை நம்பி நிற்பன. இரண்டும் ஒரு குடும்பத்தின் அடுப்பெரிக்க வல்லன. காஞ்சிமாநகர் தன் தறியோடத்தை அறியும். தனக்கு உரியதாயிருந்த கடலோடத்தைத்தான் அது மறந்துவிட்டது.

கச்சியென்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வருகின்றனவேயன்றிக் கடல் எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, ஐந்நூறு அடிகளில் பாணனைக் கச்சிக்கு வழிப்படுத்துங்கால், நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தின் வழியாகவே கொண்டு செல்கிறது. வெண்குதிரைகளைக் கொணர்ந்திறக்கிய கலங்களும், இரவில் கலங்களுக்குத் துறைகாட்டிய விளக்கமும் அப்பட்டினத்தில் இருந்தன. அதனை மாமல்லபுரமென்று கருதுவாரும் உளர். பிற்காலத்தே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்ட ஒல்லாந்தரும் இந்நிலத்து நெசவுத்துணிகளையே கடல்வழி ஏற்றிச் சென்றனர். நெய்தவன் துணியைக் கலத்திற் சேர்ப்பித்தவன் கடலோடி. அண்மைக் காலத்திலும், 1997இல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தபோது, கோவளம் முதலாகத் தெற்கே நீண்ட மீனவக் குப்பங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தனவாகவே இருந்தன. 2019 நவம்பர் 29ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமான போதுதான் காஞ்சி தன் கரையை இழந்தது. நிலப்படத்தில் கோடு மாறியது. ஆயினும், தறிக்கும் கலத்திற்கும் உள்ள உறவு கோட்டினால் அறுவதன்று. இரண்டின் முன்னும் இன்று நிற்கும் வினா ஒன்றே. கைத்தொழிலாளரின் கருவியைத் திருத்துவோர் யாவர், திருத்திய பின் அக்கருவி எவர் கையில் இருக்கும் என்பதே அவ்வினா.

கருவி திருந்த வேண்டும் என்பதில் அறிவுடையார்க்கு மாறுபாடு இருத்தற்கில்லை. பழையதென்பதனாலேயே ஒன்றைப் போற்றுவதும், புதியதென்பதனாலேயே ஒன்றைத் தழுவுவதும் ஒரே மடமையின் இரு முகங்கள். முதற்கண் பழைய கருவி யாது செய்தது, யாது செய்யமாட்டாதிருந்தது என்று ஆராய்தல் வேண்டும்.

தமிழகத்தின் கிழக்குக் கரை பெரும்பாலும் மறைவற்ற திறந்த கரை. அலை கரையை அண்மித்தே உடைகிறது. உட்குழிந்த கலம் அவ்வலையில் நீர் நிரம்பிக் கவிழும், கவிழ்ந்தால் மூழ்கும். இவ்விடர்ப்பாட்டுக்குத் தமிழ்மீனவர் கண்ட விடையே கட்டுமரம். நீரினும் எடை குறைந்த மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, முகப்பு மேலெழுமாறு வைத்துக் கயிற்றால் இறுகப் பிணைத்தால் கலம் ஆயிற்று. அலை அதன்மேல் ஏறினால் மரங்களின் இடைவெளி வழியே நீர் தானே வடிந்துவிடும், இறைக்கும் வேலையில்லை. புரண்டாலும் மூழ்காது, புரட்டி நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரம் மரமாகத் தூக்கிச் சென்று மணலில் உலர்த்தலாம். துறைமுகமும் பாலமும் வேண்டாத கலம் அது. அதனிற் பெரிய மற்றொன்று, பலகைகளைத் தேங்காய்நாரால் தைத்து அமைத்த படகு. உள்ளே விலாச்சட்டமோ இணைப்பில் ஆணியோ இன்மையால், அலை மோதுங்கால் அது வளைந்து கொடுத்து உடையாது மீண்டது. சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில், பெருங்கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் அனைவரும் இத்தகைய தைத்த படகில் ஏறித்தான் கரையை மிதித்தனர்.

இத்துணைச் சிறப்பும் உண்மை. அதன் மறுபக்கமும் உண்மை. கட்டுமரத்தில் செல்பவர் கடலில் இருக்கும் பொழுதெல்லாம் நீரில் நனைந்தே இருத்தல் வேண்டும். பிடித்த மீனை வைக்கப் போதிய இடமில்லை. பனிக்கட்டி கொண்டு செல்ல வழியில்லை. காற்று மாறினால் துடுப்பு வலித்தே மீள வேண்டும். தொலைவிலுள்ள மீன்நிலத்தை எட்டுதல் அரிது. ஏற்ற மரம் ஆண்டுக்காண்டு அருகி விலை ஏறிற்று. இவ்வல்லலை மீனவர் உடம்பு அறியும். ஆகவே, கரையில் நின்று கட்டுமரத்தின் அழகைப் பாடிக்கொண்டு, அது மாறலாகாதென்பார் கூற்று மீனவர்க்கு நன்மை செய்யாது. மாற்றம் வேண்டும். எத்தகைய மாற்றம் என்பதே ஆராய்தற்குரியது.

இக்கரைக்குரிய திருந்திய கலத்திற்கு நான்கு தகுதிகள் இன்றியமையாதன. உடையும் அலையைக் கடக்க வேண்டும். குப்பத்து மக்கள் கைகளால் மணலில் இழுத்தேற்றும் எடையுடையதாக இருக்க வேண்டும். நீர் நிரம்பினும் மூழ்காதிருக்க வேண்டும். ஒரு மீனவக் குடும்பம் கடனில் மூழ்காமல் வாங்கத்தக்க விலையில் கிடைக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அக்கலம் வேறெவர்க்கோ ஆவதன்றி மீனவர்க்கு ஆவதில்லை.

இந்திய விடுதலைக்குப் பின் கடந்த காலத்தை இவ்வளவுகோல் கொண்டு நோக்குக. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வே நாட்டின் உதவியுடன் மீன்வளத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. எளிய மீனவர் வாழ்வை உயர்த்துவதே அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. சிறு பொறிப்படகுகளே முதலில் கொண்டுவரப்பட்டன. ஆனால், அயல்நாடுகளில் இறாலுக்கு விலை கண்டதும் 1960களில் திசை மாறிற்று. இழுவைமடிப் படகுகள் பெருகின. தமிழகத்திலும் அரசின் உதவித்தொகையுடன் விசைப்படகுகள் பல்கின. பொருள் பெருகிற்று; ஏற்றுமதி பெருகிற்று. கட்டுமரத்தவர்க்கு நேர்ந்தது யாது? கடலடியை வாரிச் செல்லும் மடி, அவர்கள் வலை விரித்திருந்த கரைக்கடலுக்குள்ளேயே வந்தது, வலைகள் அறுந்தன. 1970களில் கரையோரங்களில் கைகலப்பும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன. அதன் பின்னரே, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீர், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் அளவு, விசைப்படகு நுழையலாகாத மரபுமீனவர் உரிமை என்று அது வரையறுத்தது.

கலம் மாறியதனால் மீனவப் பெண்டிர்க்கு நேர்ந்த இழப்பு பலர் கண்ணிற் படாதது. கட்டுமரம் குப்பத்து மணலிற் கரையேறுங்கால், அம்மீனை அங்கேயே வாங்கிக் கூடையிற் சுமந்து ஊரூராய் விற்றவர்கள் அவர்கள். பெரும்படகு மணலுக்கு வாராது, துறைமுகத்துக்கே செல்லும். அங்கே பெருவணிகர் ஏலத்தில் எடுப்பர்; கூடைக்காரிக்கு அங்கு இடமில்லை. கையால் வலை பின்னி ஈட்டிய சிறுபொருளையும் வலைப்பொறி பறித்தது. ஆக, ஒரு கலத்தின் அடிப்பகுதி எவ்வளவு ஆழம் என்பதில், அம்மீனை விற்கப்போவது யார் என்பதும் அடங்கிக் கிடக்கிறது. கலம் வரைபவன் இதனை அறியானாயின், அவன் கணக்கு எத்துணைத் துல்லியமாயினும் பிழைபட்டதே.

சிறு கலத்தைத் திருத்தும் முயற்சிகளும் பின்னர் எழுந்தன. 1979இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம், சுவீடன் நாட்டின் பொருளுதவியுடன் சென்னையில் அமைத்த வங்கக் கடல் திட்டம், கரையிலேயே ஏறியிறங்கும் படகுகளை ஆய்ந்தது. அதன் பெருஞ்சிக்கல் பொறியன்று; பொறியின் சுழல்விசிறியே. கலம் மணலைத் தொடுமுன் நீருக்குள் நீண்ட தண்டும் விசிறியும் மணலில் முட்டி முறியும். அதற்கு, பொறியை நீர்புகாப் பெட்டியில் இட்டு, தண்டோடும் விசிறியோடும் ஒருங்கே மேல்தூக்குமாறு அமைத்தனர். கண்ணாடியிழையால் உடலை வார்த்து, மூழ்காமைக்கு மென்னுரைப் பொருளை அடைத்தனர். அறிவுசார்ந்த நல்ல விடை இது. எனினும், கட்டுமரத்தின் விலையோடும் எடையோடும் ஒப்பிட்டுப் பார்த்த மீனவர்க்கு, புதுப்படகின் விலையும் எடையும் தடையாகவே நின்றன. கூறிய நான்கு தகுதிகளுள் இரண்டு நிறைவுற்று இரண்டு எஞ்சின.

குமரி மாவட்டத்து முட்டத்தில் நிகழ்ந்தது இன்னும் உற்று நோக்கத்தக்கது. கோட்டாற்று மறைமாவட்டத்தின் தொண்டமைப்பு அங்கு ஒரு படகுப் பட்டறையை நடத்தியது. பெல்சிய நாட்டவரான பியேர் சில்லே என்பார் அம்முயற்சியில் ஈடுபட்டுத் தம் பட்டறிவைப் பின்னர் நூலாகவும் எழுதினார். பெருமரம் அருகிய நிலையில், நீர் தாங்கும் ஒட்டுப்பலகையை அளவுக்கு வெட்டி, ஓரங்களில் துளையிட்டுச் செப்புக்கம்பியால் தைத்து, தைத்த வாயைப் பசையாலும் கண்ணாடியிழைப் பட்டையாலும் அடைத்துக் கலம் செய்தனர். மேலைநாட்டார் புதிதென்று கொணர்ந்த அம்முறை, தேங்காய்நாரால் பலகை தைத்த இக்கரைத் தச்சனின் முறைக்குத் தொலைவானதன்று. கலத்தைக் கடலில் இறக்கியவர்கள் மீனவர்களே. குறை கூறியவர்களும் அவர்களே. குறைக்கேற்ப மீண்டும் மீண்டும் வடிவம் மாற்றப்பட்டது. அடுத்து, 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகோடு கடனையும் விற்பனையையும் சேர்த்துப் பார்த்தது. ஊர்ச்சங்கமே கரையில் மீனை ஏலம் விட்டது. விற்ற பொருளில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் சென்றது. முன்பணம் தந்துவிட்டு மீனைத் தான் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் வணிகன் பிடி அவ்வூர்களில் தளர்ந்தது. கலம் திருந்தியதோடு கணக்கும் திருந்தியது என்பதே அதன் சிறப்பு.

இவ்வுண்மையைக் காஞ்சி நெசவாளர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பட்டுச்சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நெய்து இணைக்கும் கோர்வைக்கு மூன்று ஓடங்கள் வேண்டும். உடன் ஓடம் எறிய இன்னொருவர் வேண்டும். முற்காலத்தில் பூவேலைக்கு நூலால் அடை கட்டினர். பிரான்சு நாட்டு இலியோன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கார்டு என்பார் அமைத்த அட்டைப்பொறி இங்கு வந்தபோது, அடை கட்டும் உழைப்பு குறைந்தது. காஞ்சித்தறி அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால், கோர்வையை அது கைவிடவில்லை. வேண்டியதைக் கொண்டு, உயிரானதைக் காத்தது. முடிவு செய்தவன் நெய்பவன் ஆகலான் இது இயன்றது. விசைத்தறி வந்த கதை வேறு. அது நெய்பவனுக்குத் துணையாக வரவில்லை. அவனுக்கு மாற்றாக வந்தது. அதனால்தான் கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கி 1985இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கடலுக்கு மூன்று கடல்மைல். தறிக்கு ஒதுக்கீட்டுப் பட்டியல். இரண்டு சட்டங்களும் ஏட்டில் உள்ளன. விசைத்தறிச் சேலை காஞ்சிப்பட்டின் பெயரால் விற்கப்படுதலும், இழுவைமடி கரைக்கடலில் நுழைதலும் நாட்டிலும் உள்ளன.

2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகக் கரையில் எண்ணாயிரம் உயிர் அளவிற் கொண்டுபோயிற்று. எண்ணற்ற கலங்களையும் சிதைத்தது. உலகெங்கிலுமிருந்து உதவி வந்தது. அவ்வுதவி நன்றியுடன் நினைக்கத்தக்கது. எனினும், படகு வழங்குவதே எளிதிற் காட்டத்தக்க உதவியாயிருந்தமையால், பல அமைப்புகள் ஒன்றையொன்று கலவாமல் கண்ணாடியிழைப் படகுகளை வழங்கின. சிலவூர்களில் முன்னிருந்ததினும் மிகுதியான படகுகள் வந்து சேர்ந்தன. தேவை பெருகியதால் திடீரெனப் பட்டறைகள் முளைத்தன. இழைப்பாயை எத்தனை அடுக்கு இட வேண்டும், பசை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதில் தவறினால், வெளிப்பார்வைக்கு நன்றாகத் தோன்றும் கலம் நடுக்கடலில் விரியும். கூலிக்குப் படகேறியவர் பலர் உரிமையாளர் ஆயினர், அது நன்று. ஆனால், உடன்செல்ல ஆளின்றியும், எரிநெய்க்குப் பொருளின்றியும் கரையிற் கிடந்த படகுகளும் உண்டு. கட்டுமரம் பல குப்பங்களில் அத்தோடு அருகியது. பல ஆண்டுகள் ஆராய்ந்து எய்த வேண்டிய மாற்றம் சில திங்களில் நிகழ்ந்தது. அளவுகோலை எடுத்துப் பார்க்க எவர்க்கும் பொழுதில்லாது போயிற்று.

கண்ணாடியிழைப் படகு தீதன்று. அது விரைந்து செல்கிறது. உடம்பை உலர வைக்கிறது. மீனை மிகுதியாகக் கொள்கிறது. ஆனால், கட்டுமரத்துக்குக் காற்று இலவயம். பொறிப்படகுக்கு ஒவ்வொரு பயணமும் விலைகொடுத்து வாங்குவது. மரம் பழுதானால் ஊரிலேயே மாற்றலாம். பொறி பழுதானால் உறுப்பு நகரிலிருந்து வர வேண்டும். பயன்பட்டு ஓய்ந்த மரம் அடுப்புக்காகும். ஓய்ந்த கண்ணாடியிழை மக்காது கரையிலேயே கிடக்கும். இச்செலவுகளையும் கணக்கில் எழுதிய பின்னரே திருத்தம் திருத்தமாகும்.

இனி, சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 1697இல் வெளிவந்த தம் பயணநூலில் வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி கட்டுமரத்தைக் குறித்தார். அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று இரட்டையுடற் கலம் அனைத்திற்கும் உலகப் பெயராய் நிற்கிறது. உலகம் தமிழனிடமிருந்து கலத்தின் பெயரைக் கற்றது. தமிழ்மீனவர்க்கு வழங்கப்பெறும் பொறியின் கையேடோ அவர் படிக்கவொண்ணாத மொழியில் வருகிறது. அணியம், பாய், துடுப்பு, கொண்டல், வாடை, கச்சான் என்று கலத்துக்கும் காற்றுக்கும் கரையில் வழங்கும் சொற்கள் நூறுநூறு. கோபுரத்தையும் பனையையும் குன்றையும் ஒன்றோடொன்று நேர்நிறுத்திப் பார்த்து, நீருக்கடியில் பாறை கிடக்கும் இடத்தைத் தப்பாமற் காணும் அறிவு அச்சொற்களோடு பிணைந்தது. காற்றுக்குப் பெயர் மறந்தால் காற்றைப் பார்க்கும் பழக்கமும் மறையும்; தொழிலறிவு போன வழி தெரியாது போகும். ஆதலின், மீனவர் சொற்களைத் தொகுப்பது புலவர் பொழுதுபோக்கன்று. பொறிக்குத் தமிழில் கையேடு எழுதுவதும் அலங்காரமன்று. ஒருவர் தம் கருவியைத் தாமே பழுதுபார்க்க இயலுமா, இயலாதா என்பது அவ்வேட்டில் அடங்கியுள்ளது.

கலத்தைப் பேசுங்கால் கரையை மறத்தலும் ஆகாது. சிறு கலத்திற்கு மணலே துறைமுகம். கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. அதன் குறுக்கே கல்லால் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரியும். சென்னைத் துறைமுகம் அமைந்த பின் மெரினா விரிந்ததும், இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்ததும் இதற்குச் சான்று. இழுத்தேற்ற மணலில்லாத ஊருக்கு எத்துணை நல்ல கலம் கொடுத்தும் பயனில்லை. மணலின் ஒருபுறத்தைக் கடல் அரிக்க, மறுபுறத்தை விடுதிகளும் மாளிகைகளும் வளைக்க, வலை உலர்த்தவும் இடமின்றி நெருக்குண்டு கிடக்கும் குப்பங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்வோர் எவரும் காணலாம்.

ஆகவே வேண்டுவன இவை. மூன்று கடல்மைல் உரிமையை அரசு ஏட்டிலிருந்து கடலுக்குக் கொண்டுவருதல் வேண்டும். புதிய கலம் எதுவாயினும், ஊர்மீனவர் ஒரு பருவமேனும் ஓட்டிப் பார்த்துத் தகுதியென்று கூறிய பின்னரே உதவித்தொகைக்கு உரியதாதல் வேண்டும். பட்டறைகளின் வேலைத்தரத்தைத் தேர்ந்தார் சோதித்தல் வேண்டும். கலம் செய்யவும் பொறி பழுதுபார்க்கவும் மீனவ இளைஞர்க்குத் தமிழிற் பயிற்சி தருதல் வேண்டும். கடனும் முதல்விற்பனையும் ஊர்ச்சங்கத்தின் கையில் இருத்தல் வேண்டும். அச்சங்கத்தில் மீன்விற்கும் பெண்டிர்க்கும் இடம் வேண்டும். கலமேறும் மணல் ஊர்ப்பொதுவென எழுதிக் காத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் செயற்கரியதன்று. ஆயினும், கரையிலுள்ளவர் குரல் மட்டும் இதற்குப் போதாது. கோர்வைக்கு ஓடம் எறிய மற்றொரு கை வேண்டியதுபோல், மீனவர் உரிமைக்குக் காஞ்சித் தறியிலிருந்தும் ஒரு கை நீளுதல் வேண்டும். நெசவாளர்க்கு இடர் வருங்கால் கரையிலிருந்தும் ஒரு கை நீளுதல் வேண்டும். ஒரு சொல்லால் இரு கருவியையும் அழைத்த மொழியை உடைய மக்கள், அவ்விரு கருவியையும் உழைப்பவர் கையிலேயே நிறுத்த ஒன்றுபடுக!